கடல் ஏழு, பனிநிலை ஒன்பது

கெல்ஸ்ட்ரூப், 10 ஜனவரி 1971

அன்புத் தங்கை போடிலுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். இடுப்புப் பிடிப்பு மட்டும் குளிர்காலம் முழுக்க விருந்தாளி மாதிரித் தங்கிவிட்டது. நீயும் மாப்பிள்ளை ஸ்வென்னும் டோர்தேயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செய்தி இதுதான்: நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. முப்பத்தெட்டு பேர் வேலை பார்க்கும் கதவுத் தொழிற்சாலையை நடத்துகிறவனுக்கு ஒரு பிடியை முன்னும் பின்னும் அசைப்பது பெரிய வித்தையா? எங்கள் கிளப்பில் க்விஸ்ட் என்றொரு பயிற்சியாளர். "கை நல்லாத்தான் இருக்கு ஓவர்கோர், தலைதான் இன்னும் வகுப்புக்கு வந்து சேரல" என்று என்னிடமே சொல்கிறார். அவருக்கு நாலு பேர் முன்னால் யாரையாவது மட்டம் தட்டினால்தான் காப்பி இறங்கும்.

பறப்பதில் சிக்கல் இல்லை. இந்த வானிலைப் பாடம்தான் வயதான மீனவர்களும் பள்ளி வாத்தியார்களும் பொழுது போகாமல் கண்டுபிடித்த ஒன்று. மேகத்துக்கெல்லாம் லத்தீன் பெயர். நான் ஜன்னலைத் திறந்து பார்த்தால் போதாதா?

என் பக்கத்து இருக்கையில் ஃப்ரான்சன் என்ற வங்கி ஊழியர் உட்காருகிறார். பாவம், மந்தபுத்தி. 'பனிநிலை' என்றால் என்னவென்று மூன்று வாரமாக அவருக்குப் புரியவில்லை. நீதான் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவளாயிற்றே, அவருக்கு விளங்கும்படி ஒரு பத்தி எழுதி அனுப்பு. எனக்கல்ல.

டோர்தேயிடம் சொல்: மே மாதம் தேவாலயத்தில் அவளுடைய திடப்படுத்தல் சடங்குக்கு மாமா வானத்திலிருந்து இறங்குவான். மறுநாள் நீலத் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. மற்றப் பெண்கள் நகரத்துக்குப் போய் ஐஸ்கிரீம் தின்னட்டும், அவளை நான் மேலே கூட்டிப் போகிறேன்.

அண்ணியின் அன்பும் என் அன்பும்.

உன் அண்ணன்
ஹோல்கர்

*

லூன்ஹோல்ம், 17 ஜனவரி 1971

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வியாழக்கிழமைப் படகில் வந்தது. இங்கே மூவரும் சுகம். ஸ்வென்னுக்கு மட்டும் படகு ஓட்டி, அதன் மேல்தளத்தில் நின்று நின்று காது அடைத்திருக்கிறது. அதனால் நான் பேசுவது கேட்கவில்லையாம். முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. உன் இடுப்புக்குச் சூடான மணல் பையை வை.

உன் ஃப்ரான்சனுக்காக எழுதுகிறேன். நிதானமாகப் படித்துக் காட்டு.

காலையில் காப்பிக் கெண்டி கொதிக்கும்போது சமையலறை ஜன்னல் வேர்க்கிறது இல்லையா? கண்ணாடி ஒழுகவில்லை. அறையின் காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்தது, குளிர்ந்த காற்றுக்கு அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியவில்லை, கீழே போட்டுவிட்டது. எந்த டிகிரியில் போடத் தொடங்குகிறதோ அதுதான் பனிநிலை. வெளியே காற்று பன்னிரண்டு டிகிரி, பனிநிலை பதினொன்று என்றால், இன்னும் ஒரு டிகிரி குளிர்ந்ததும் மூடுபனி. இரண்டுக்கும் நடுவே பத்து டிகிரி இருந்தால் அவ்வளவு சீக்கிரம் வராது. இதைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பில் சொல்லிமுடித்திருக்கிறேன். உன் வங்கிக்காரருக்கு மூன்று வாரம் ஆகிறதென்றால் அந்த வங்கியில் நான் ஒரு குரோனர்கூடப் போட மாட்டேன்.

டோர்தே பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். அதனால் இப்போதே ஒரு நிபந்தனை: உரிமம் கையில் இல்லாமல் என் மகள் அந்த வண்டியில் ஏற மாட்டாள். வானிலைப் பாடத்திலும் தேறிய உரிமம்.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடு.

போடில்

*

கெல்ஸ்ட்ரூப், 14 பிப்ரவரி 1971

அன்புள்ள போடில்,

தாமதத்துக்கு மன்னி. தொழிற்சாலையில் வேலை அதிகம். எல்லோரும் சுகம், உன் மணல் பை ஓரளவு உதவியது.

ஃப்ரான்சன் வானிலைத் தேர்வில் தோற்றுவிட்டார். உன் ஜன்னல் கதை வந்த கேள்விக்குச் சரியாக எழுதினார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உயரமானிக் கேள்வியில் விழுந்தார். 'காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் பறந்தால் உயரமானி என்ன காட்டும்?' அவர், 'குறைவாகக் காட்டும்' என்று எழுதினார். அழுத்தம் குறைந்தால் எண்ணும் குறைய வேண்டியதுதானே? எந்த நியாயமுள்ள மனிதனும் அப்படித்தான் எழுதுவான். அடுத்தது, 'கடல் மூடுபனி எப்போது வரும்?' காற்று அசையாத இரவில் என்று எழுதினார். அதுவும் தப்பாம். க்விஸ்ட் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "இவர் கதவு செஞ்சா அது உத்தரத்துல மாட்டுற கதவா இருக்கும்" என்றார். வகுப்பே சிரித்தது. இதெல்லாம் ஒரு வயதான மனிதனிடம் சொல்லும் பேச்சா?

ஃப்ரான்சன் மார்ச்சில் மறுபடி எழுதுகிறார். முடிந்தால் இந்த இரண்டையும் விளக்கு. அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரமே எழுது.

அன்புடன்
ஹோல்கர்

*

லூன்ஹோல்ம், 20 பிப்ரவரி 1971

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். துறைமுகத்தில் பனிக்கட்டி விளிம்பு கட்டியிருக்கிறது, படகு இரண்டு நாள் வரவில்லை.

ஒரு வங்கி ஊழியரைப் பார்த்துக் க்விஸ்ட் ஏன் கதவைப் பற்றிப் பேசினார் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். சரி, அது கிடக்கட்டும்.

உயரமானி காற்றை நிறுக்கும் தராசு. மேலே ஏற ஏறத் தலைக்குமேல் காற்று குறையும். கனம் குறைந்தால் 'ஏறிவிட்டோம்' என்று அது எண்ணிக்கொள்ளும். அதே உயரத்தில் பறந்தபடி அழுத்தம் குறைந்த பக்கம் போனாலும் கனம் குறையும்தானே? அப்போதும் 'ஏறிவிட்டோம்' என்றே சொல்லும். ஆக, உண்மையைவிட உயரமாகக் காட்டும். முதலாளியைக் குளிரவைக்கும் மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள். நீ உயரத்தில் இருக்கிறாய், உயரத்தில் இருக்கிறாய் என்று தரை தட்டும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். உன் ஃப்ரான்சனுக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

இரண்டாவதுதான் முக்கியம். மூடுபனியில் இரண்டு சாதி. ஒன்று தரையில், காற்றில்லாத இரவில், நிற்கிற இடத்திலேயே பிறப்பது. வெயில் ஏறினால் போய்விடும். மற்றது கடலில் பிறப்பது. வசந்தத்தில் நிலம் சூடாகிவிடும், கடல் மட்டும் குளிர்காலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். ஈரமான இளஞ்சூட்டுக் காற்று அதன்மேல் போகும். நான் ஜன்னல் சொன்னேன் அல்லவா? லூன்ஹோல்மைச் சுற்றி இருபது மைல் அகலத்துக்கு ஒரு ஜன்னல் கண்ணாடி மல்லாந்து கிடக்கிறது. காற்றே அந்த மூடுபனியைக் கரைக்குக் கொண்டுவரும். நடுப்பகலில், நீலவானத்தின்கீழ், வெயிலில் உட்கார்ந்து நீ ரொட்டி தின்னும்போது வரும்.

அதனால் தீவுக்குப் பறக்கிறவன் பனிநிலையைத் தன் காலடிக் காற்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. கடல்நீரின் வெப்பத்தோடு ஒப்பிட வேண்டும். கடல் பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தால் போகாதே. தெரியாவிட்டால் கேள். தினமும் காலை ஆறு மணிக்கு நான் துறைமுகத்தில் வாளியை இறக்கி நீரின் வெப்பத்தை அளந்து எதிர்க்கரைத் தலைநிலத்து வானிலை நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். கேட்டால் உனக்கும் சொல்வேன்.

இத்தனை வருஷத்தில் ஒன்று பார்த்துவிட்டேன். தெரியாதவன் தோற்பதில்லை, தெரியாது என்று சொல்லாதவன்தான் தோற்கிறான். ஃப்ரான்சனிடம் இதைச் சொல்.

போடில்

*

கெல்ஸ்ட்ரூப், 28 மார்ச் 1971

அன்புத் தங்கையே,

சுகம், சுகம், பரம சுகம். தேறியாயிற்று! நூற்றுக்கு எண்பத்துநாலு. நானும்தான், ஃப்ரான்சனும்தான். க்விஸ்ட் முகம் புளித்த ஹெர்ரிங் மீன் மாதிரி ஆனது. உரிமம் இரண்டு வாரத்தில் தபாலில் வரும்.

உன் கடிதங்கள் ஃப்ரான்சனுக்குக் கொஞ்சம் பயன்பட்டிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல், போடில்: இருபது வருஷமாக வாளியைத் தூக்கிக்கொண்டு படித்துறையில் நிற்கிறாயே, அந்த எண்ணை யாராவது கேட்டிருக்கிறார்களா? நீ ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. நீந்தத் தெரியாதவன் கரையிலிருந்து கையை இப்படி வீசு, அப்படி வீசு என்று கத்துவது மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

தீவில் அந்தப் புல் ஓடுதளம் எப்படி இருக்கிறது? போன தடவை முழுக்க ஆடு.

டோர்தேக்கு முத்தம்.

ஹோல்கர்

*

லூன்ஹோல்ம், 12 ஏப்ரல் 1971, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அண்ணா,

வாழ்த்துகள். கோபமில்லை. ஈஸ்டர் ஆராதனை முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். டோர்தே வேதபாட வகுப்பை முடித்துவிட்டாள். போதகர் அவளைப் பற்றி, "கேள்வி மட்டும் நிக்கவே மாட்டேங்குது" என்றார். வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று. மே ஒன்பதாம் தேதி விருந்துக்கு முப்பத்திரண்டு பேர். சூப், கன்றுக்கறி வறுவல், ஐஸ்கிரீம். கறியை உன் பங்குக்கு இரண்டு மடங்கு வாங்கச் சொல்கிறார் ஸ்வென்.

ஓடுதளம் நன்றாக இருக்கிறது. ஆட்டை ஓட்டிவிடலாம். இங்கே எரிபொருள் கிடையாது, நினைவில் வை. திரும்பிப் போவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வா. கொட்டகைக் கதவில் ஒரு கரும்பலகை உண்டு. காற்றின் திசை, வெப்பம், பனிநிலை மூன்றையும் காலையில் எழுதிவைப்பேன்.

விருந்துப் பாட்டை இந்தத் தடவை நானே எழுதுகிறேன். நம் வீட்டு வழக்கப்படி வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அடி. உனக்கு எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

போடில்

*

தந்தி, 8 மே 1971

நாளை பத்துக்கு இறங்குகிறேன் உரிமம் கையில் ஆடுகளை ஓரங்கட்டு = ஹோல்கர்

*

லூன்ஹோல்ம், 16 மே 1971

ஹோல்கர்,

டோர்தே வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து வீடு வந்தாள். காறையெலும்பு முறிவு, கட்டு ஆறு வாரம். இரவில் தூங்குகிறாள். நீ தொலைபேசியில் அழைத்ததாக ஸ்வென் சொன்னார். நான் எடுக்கவில்லை. எழுதினால் நிதானமாக இருப்பேன் என்று நினைத்தேன்.

விசாரணைக்காரர்கள் உன்னிடம் கேட்பார்கள், நீ உன் பாணியில் சொல்வாய். அதனால் கீழே நின்றவள் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை விருந்தாளிகள் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஓடுதளத்துக்கு வந்தார்கள். நீ கரும்பலகையைப் பார்த்தாய். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் படித்தாய். "தரையில பதினேழு, பனிநிலை ஒன்பது. எட்டு டிகிரி இடைவெளி! வானம் பட்டு மாதிரி இருக்கு. இன்னிக்குப் பறக்காதவன் கோழி வளர்க்கத்தான் லாயக்கு" என்றாய். டோர்தே உன் பக்கத்தில் ஏறினாள். மணி பத்து நாற்பது.

பத்து ஐம்பதுக்குக் காற்று திரும்பிக் கடலிலிருந்து வந்தது. அப்புறம் கலங்கரை விளக்கம் தெரியவில்லை. அப்புறம் துறைமுகம். பதினோரு மணிக்கு எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்த ஆடு தெரியவில்லை. தலைக்குமேல் உன் எஞ்சின் சத்தம் மட்டும் மூன்று முறை சுற்றியது. முப்பத்திரண்டு பேரும் அண்ணாந்து வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்வென் படகில் மூடுபனிச் சங்கை ஊதிக்கொண்டிருந்தார். மேலே பறப்பது யார் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு சத்தம் மேற்கே போய்க் குறைந்தது.

பன்னிரண்டு பத்துக்குத் தலைநிலத்துக் காவலர் அழைத்தார். கிழங்கு வயலில் விழுந்த விமானம். திரும்புவதற்கென்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு வா என்று நான் எழுதியிருந்தேன். நீ வீட்டுக்குப் போகும் அளவுக்குக் கணக்குப் போட்டாய்; தேடிச் சுற்றும் அளவுக்கு அல்ல.

எண்பத்துநாலு மதிப்பெண் வாங்கியவனுக்கு ஒரே ஒரு வரி சொல்கிறேன். கடல் ஏழு. பனிநிலை ஒன்பது. இதைத்தான் பிப்ரவரியில் எழுதினேன். ஃப்ரான்சனைவிட மட்டமான மாணவனை நான் பார்த்ததில்லை.

அண்ணிக்கு என் அன்பு. அவள்மேல் எனக்குக் குறையில்லை.

போடில்

*

கெல்ஸ்ட்ரூப், 23 மே 1971

போடில்,

டோர்தேயின் தோள் எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது. எனக்கு நெற்றியில் ஏழு தையல், அது பெரிதல்ல.

உன் கடிதத்தைப் பதினைந்து தடவை படித்தேன். எல்லாம் சரி. ஒன்றைத் தவிர. நீ அதில் இல்லை. காற்று இருக்கிறது, ஆடு இருக்கிறது, சங்கு இருக்கிறது, நீ எங்கே நின்றாய் என்பது மட்டும் இல்லை. நான் சொல்கிறேன்: வேலிப்பக்கம், என்னிடமிருந்து ஆறு அடியில், கைகட்டி நின்றாய். நான் பலகையைப் படித்தபோது என் முகத்தையே பார்த்தாய்.

'கடல் ஏழு' என்று எழுதுகிறாய். அந்த எண் பலகையில் இல்லை. எத்தனை மணிக்கு அளந்தாய், போடில்? இருபது வருஷமாகக் காலை ஆறு மணிக்கு வாளியோடு போகிறவள் அன்றைக்கு மட்டும் போகவில்லையா?

இதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் எல்லோர் கையிலும் அச்சடித்த பாட்டைக் கொடுத்தாய். மாமாவின் அடி எனக்கு மனப்பாடம்:

'ஃப்ரான்சன் என்றொரு மாணாக்கர்,
பாடம் இரவல் கேட்பாராம்;
ஃப்ரான்சன் முகமூடி கழற்றிப் பார்த்தால்
உள்ளே நிற்பவர் யார், யார், யார்?'

முப்பத்திரண்டு பேரும் மேசையைத் தட்டி, "ஹோல்கர்!" என்று கத்தினார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்பா ஃப்ரான்சன், அந்த உப்பக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்று ராத்திரி முழுக்க ஸ்வென் கூப்பிட்டார். நானும் சிரித்தேன். நம் வீட்டில் பாட்டுக்குச் சிரிக்காதவன் மனிதன் இல்லையே.

மறுநாள் காலையில் அந்த முப்பத்திரண்டு பேர் முன்னால் நான் திரும்பி நின்று, 'போடில், கடல் எவ்வளவு?' என்று கேட்டிருக்க வேண்டும் என்கிறாய். நீயே சொல், கேட்டிருக்க முடியுமா?

ஹோல்கர்

*

கெல்ஸ்ட்ரூப், 6 ஜூன் 1971

அன்புள்ள போடில்,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். அண்ணி சுகம். என் தையல் பிரித்தாயிற்று.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. ஓர் அறை, மூன்று பேர், ஒரு தட்டச்சுப் பெண். "வானிலையில எதிர்பாராத மாற்றம், அப்படித்தானே?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தால் நடைபாதையில் க்விஸ்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எதிர்பாராததுன்னு சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். "பொய் சொல்றப்பவும் உனக்கு எண்பத்துநாலுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நான் பார்த்தேன். ஓடுதளத்தின் கோடியில் விமானத்தைத் திருப்பியபோது தெற்கே கடல்மேல் ஒரு சாம்பல் கோடு. பென்சிலால் இழுத்தது மாதிரி. டோர்தேயும் பார்த்தாள். "மாமா, அது என்னது?" என்றாள். எனக்குத் தெரியும், போடில். உன் ஜன்னல், மல்லாந்து கிடக்கிற கண்ணாடி, எல்லாம் வரி வரியாக ஞாபகம் வந்தது. நான் மக்கு இல்லை. உன் பாடம் புரிந்தது. புரிந்துகொண்டே, "அது சும்மா, தூரத்துக் கரை" என்றேன். எஞ்சினை நிறுத்தி இறங்கினால் வேலியோரம் என்ன கூச்சல் எழும் என்று கேட்டது காதில். பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கூச்சலுக்குப் பயந்து அவளை ஏற்றிப் போனேன்.

மேலே போனபின் வெயில் அடித்தது. கீழே பால் ஊற்றின மாதிரி. அவள் அழவில்லை. கரையைத் தாண்டியபின் வயல்களைக் காட்டி, "மாமா, அங்க பச்சை தெரியுது, அங்க போ" என்று அவள்தான் சொன்னாள்.

உரிமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஃப்ரான்சன் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார். முதல் தடவையே தொண்ணூற்றாறு வாங்கித் தேறியவர். என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசினார்.

ஹோல்கர்

*

லூன்ஹோல்ம், 13 ஜூன் 1971

அன்புள்ள அண்ணா,

டோர்தேயின் எலும்பு கூடிவருகிறது. தோளில் ஒரு முண்டு நிற்கும் என்கிறார் மருத்துவர். நாங்கள் சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆறு மணிக்கு அளந்தேன். ஏழு டிகிரி. தலைநிலத்துக்குச் சொன்னேன், படகுக்குச் சொன்னேன். ஒன்பது மணிக்குக் கரும்பலகையில் எழுதும்போது கடலுக்குக் கட்டம் இல்லை என்று அந்த எண்ணை எழுதாமல் விட்டேன். மூலையில் சுண்ணாம்புக்கட்டி கிடந்தது. இரண்டு எழுத்துக்கு இடமும் இருந்தது.

நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். இல்லை, அது சரியல்ல. நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ பலகையைப் படித்து, எஞ்சினைப் போட்டு, ஓடுதளக் கோடியில் மூடுபனியைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிவருவாய் என்று நினைத்தேன். பாட்டுக்கு இன்னொரு அடி கிடைக்கும். அதற்காகத்தான் கைகட்டி நின்றேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசையில் டோர்தேக்கு அதை வாசித்துக் காட்டினேன். பிறகு என்னுடையதையும் சொன்னேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், ஒரு கையால்.

"ரெண்டு பேருக்குமே தெரியுமா?" என்றாள்.

"ஆமா."

"நான் மேல போனப்ப நீ என்ன செஞ்சே?"

"வேலிகிட்ட நின்னேன்."

"சிரிச்சியா?"

அண்ணா, இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். கலங்கரை விளக்கம் மறைந்த அந்த நிமிஷம் எனக்குள் என்ன எழுந்தது என்று எனக்குத் தெரியும். 'இப்போது தெரியும் அவனுக்கு' என்றுதான் எழுந்தது. உன் பக்கத்து இருக்கையில் யார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"முதல்ல சிரிச்சேன்" என்றேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து தினமும் ஸ்வென்னோடு படகில் போய் வருகிறாள். ஸ்வென் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

நேற்று அவள் என்னிடம் பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "மாமா வரட்டும். படகுல வரட்டும். ரெண்டு பேரும் என் எதிர்ல ஒண்ணா உக்காந்து ஒரு தடவ சொல்லணும், நான் கேக்கறேன். ஆனா அவர் உன்னப் பத்தியோ, நீ அவரப் பத்தியோ ஒரு வார்த்த சொல்லக் கூடாது. சொன்னா எழுந்து போயிடுவேன்."

நேற்று மாலை தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நீ வந்துவிட்டாய். மறுபடி தொடங்கினேன். இரண்டாவதிலேயே வந்துவிட்டாய்.

சனிக்கிழமைப் படகில் வா. கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் நீயும் சொல்லிப் பழகு.

உன் தங்கை
போடில்